ஐந்தடி எட்டு அங்குலம்

டீச்சரிடம் மழை வருமா என்று கேட்டால், மேகம் தலையில் இடிக்கிற மாதிரி நின்றாலும், "வரலாமுங்க, வராமயும் போலாமுங்க" என்பார். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சோறு வெந்துவிட்டதா என்று ஒருத்தி கேட்டால் இன்னொருத்தி டீச்சர் குரலில், "வெந்திருக்கலாமுங்க" என்பாள். தெரியாததைத் தெரியாதது என்றே வைத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதற்காக வருத்தப்பட மாட்டார். வெட்கப்படவும் மாட்டார்.

அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. அவரைத் தெரிந்தவர்கள் மலையிலும் கீழேயும் இருக்கிறார்கள். நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். அது போதும்.

எங்கள் எஸ்டேட் மூணாறு மலையில், சூரியநெல்லிக்கு மேலே. தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகன் குடும்பத்தோடு லயத்து வீட்டிலேயே நான் இருந்த காலம் அது. பெரியவர்களுக்கு ஏழாம் வகுப்புப் பாடம் சொல்லித்தர, துல்யதா கிளாஸ் என்று பஞ்சாயத்தில் நடத்துவார்கள். வார்டு மெம்பர் பெயர் எழுத வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பக்கத்து வீட்டு மரியபுஷ்பம்தான், "இவளும் நாலு வரைக்கும் படிச்சவதான், எழுதிக்கிடுங்க" என்று என் பெயரையும் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம்.

அங்கன்வாடியில் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு மத்தியானம் எங்களுக்கு வகுப்பு. அந்தக் குட்டி நாற்காலிகளில் எங்கள் உடம்பு எங்கே அடங்கும்? தரையில் சாக்கை விரித்து உட்காருவோம். சுவரில் ஆனையும் ஆப்பிளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். டீச்சர் பாலக்காட்டுக்குத் தெற்கே, கொல்லங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்து மருமகள். வீட்டை ஊடு என்பார். கொழுந்துக்காரிகளான எங்களிடமும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார். கிண்டல் செய்கிறாரோ என்று முதலில் நினைத்தோம். பிறகுதான் அவர்கள் ஊரே அப்படிப் பேசும் என்று தெரிந்தது.

கணக்கில் எக்ஸ் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. "ஒரு பெண்ணிடம் கொஞ்சம் அரிசி இருக்கிறது. அதைப்போல் இரண்டு மடங்கும் இன்னும் மூன்று கிலோவும் சேர்ந்தால் பதினைந்து கிலோ. அவளிடம் முதலில் இருந்தது எவ்வளவு?" கொஞ்சம் என்ற இடத்தில் டீச்சர் எக்ஸ் போட்டார். எங்களுக்குத் திக்கென்றது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அந்தக் குறியை நாங்கள் பார்த்ததெல்லாம் தப்பு என்பதற்காகத்தான். கணக்குப் போடுவதற்கு முன்னாலேயே தப்புப் போட்டால் எப்படி என்று மரியபுஷ்பம் கேட்டாள். டீச்சர் உடனே அதை அழித்துவிட்டு, ஆளுக்கொரு எழுத்தைப் பிடித்த மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"தெரியாததைக் கண்டு மெரளாதீங்க. அதுக்கு ஒரு எழுத்தைக் குடுத்து ஒரு பக்கமா உக்கார வைங்க. தெரிஞ்சதையெல்லாம் எதிர்ப்பக்கம் கொண்டு போங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். நாம நம்ம வேலையைப் பாக்கலாமுங்க."

நான் 'ம' வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. மறுபடி கேட்கவில்லை.

அன்றைக்கு நாங்கள் எழுதிய விடைகளைப் பார்த்து டீச்சர் திகைத்துப்போனார். ஆறு வர வேண்டும். எல்லோரும் ஐந்தரை என்று எழுதியிருந்தோம். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதினோமோ என்று அவருக்குச் சந்தேகம். தனித்தனியாக உட்கார வைத்து வேறு கணக்குக் கொடுத்தார். அதிலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அரைக் கிலோ குறைந்தது. கடைசியில் மரியபுஷ்பம்தான் சொன்னாள்.

"ஏன் டீச்சர், சாக்கைக் கழிக்காம எவன் நிறுத்துத் தாரான்?"

எங்கள் பழக்கம் அது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்று ஒரு கழிவு உண்டு. மழை நாளில் இலையில் நிற்கும் தண்ணீருக்கும் சேர்த்துக் கழிப்பார்கள். ஆயுசு முழுக்க அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவர்கள் நாங்கள். கிலோ என்ற சொல் காதில் விழுந்தாலே கை தானாகக் கழித்துவிடும். டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எங்கள் கழிவு முறை முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "தராசுல நீங்க சொல்றதுதான் சரிங்க. ஆனா கேள்வியில சாக்கே இல்லீங்களே" என்றார். மரியபுஷ்பத்துக்குக் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. அரிசியை மடியிலா கொண்டுபோனாள் அந்தப் பெண் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

விடை வந்ததும் பென்சிலைக் கீழே போட டீச்சர் விடமாட்டார். கிடைத்ததைக் கொண்டுபோய் எழுத்து இருந்த இடத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வந்தால்தான் அது விடை. இல்லையென்றால் அது வெறும் எண். "ஆசைக்கு ஒரு நம்பரைப் போட்டுடக் கூடாதுங்க" என்பார்.

மலையில் சில மத்தியானங்களில் பனி கதவைத் தாண்டி உள்ளே வந்துவிடும். முதலில் வாசல் போகும். பிறகு சுவரில் ஆனை போகும். பிறகு எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மரியபுஷ்பத்தின் கொண்டை மங்கும். பலகையில் எழுதியது எதுவும் தெரியாது. அப்போது டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கையில் சாக்பீஸோடு அப்படியே நிற்பார். நாங்களும் பேசமாட்டோம். ஈரமான தேயிலை வாசனையும் யாரோ ஒருத்தியின் இருமலும் மட்டும் இருக்கும். வெள்ளைக்கு உள்ளேயிருந்து அவர் குரல், "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்கும். இருக்கோம் என்போம். நான் மட்டும் சொல்லமாட்டேன், தலையை ஆட்டுவேன். பனியில் என் தலை அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஆனாலும், "சரிங்க அக்கா" என்று எனக்கென்று தனியாக ஒரு குரல் வரும்.

வேறு வேறு அளவுகளை ஒன்றோடொன்று மோதவிடக் கூடாது என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். லயத்துக் குழாயில் மரியபுஷ்பத்துக்கும் எதிர் வீட்டுக்காரிக்கும் ஒரு நாள் சண்டை. நீ எத்தனை குடம் பிடித்தாய், நீ எத்தனை பக்கெட் பிடித்தாய் என்று தலைமுடியைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. அந்த வழியாக வந்த டீச்சர் நடுவில் நின்று, குடமும் பக்கெட்டும் வேறு வேறு அளவு, முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுச் சண்டை போடுங்கள் என்றார். உடனே ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து அளக்க ஆரம்பித்தார்கள். குடம் நிரம்புவதற்குள் எண்ணிக்கை மறந்துபோகும், மறுபடி கொட்டி அளப்பார்கள். முழங்கால்வரை நனைந்து, இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யார் அதிகம் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது.

டீச்சர் பொட்டு வைப்பார், பூ வைக்க மாட்டார். கழுத்தில் தாலிக்கொடி இருக்கும், ஆனால் புருஷன் என்று யாரும் வந்து பார்த்ததில்லை. இதை எப்படிக் கேட்பது என்று பெண்களுக்கு வாய் ஊறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மரியபுஷ்பம் கேட்டேவிட்டாள். டீச்சர் கோபப்படவில்லை.

"என்ற ஊட்டுக்காரரு பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பாக்கப் போனாருங்க. திரும்பி வரலீங்க. இருக்காரான்னும் தெரியாது, இல்லையான்னும் தெரியாதுங்க."

அவ்வளவுதான். போலீஸில் எழுதிக் கொடுத்தும், நாலு திசையில் தேடியும் ஒன்றும் நடக்கவில்லையாம். வருஷங்கள் போனபின், இறந்துவிட்டதாக வைத்துச் சடங்கைச் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். இவர் சம்மதிக்கவில்லை. எப்படியும் வந்துவிடுவார் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அதற்கும் இவர் தலையாட்டவில்லை. அந்தப் பேச்சு இரண்டையும் தினமும் கேட்கப் பிடிக்காமல்தான் மலைக்கு வேலை கேட்டு வந்திருக்கிறார். கேட்டபிறகு எங்களுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இருக்கிறார் என்றால் சேர்ந்து காத்திருக்கலாம். இல்லை என்றால் சேர்ந்து அழலாம். இந்தப் பெண்ணோடு என்ன செய்வது? மரியபுஷ்பம் அதற்குப் பிறகு வேதக்கோயிலில் அந்த ஆளுக்காக ஜெபம் சொல்லும்போது, உயிரோடிருப்பவர்களுக்கான ஜெபமா மற்றதா என்று தடுமாறி, இரண்டையும் சொல்லிவிட்டு வருவாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய கொழுந்தனார், புருஷனின் தம்பி, போன் செய்திருக்கிறார். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்தும் ஓர் இல்லத்தில், தன் பெயரையே மறந்த ஒருவர் இருக்கிறாராம். பார்த்துவிட்டு வந்த கொழுந்தனார், அண்ணன்தான் என்கிறார். மூக்கு அதே மூக்காம். அண்ணனுக்கு இருந்த மாதிரியே முழங்கையில் தீக்காயத் தழும்பும் இருக்கிறதாம். மாமியார் படுக்கையில் கிடக்கிறார், கண்ணும் தெரியாது, பெரிய மகனை ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். டீச்சர் வந்து சரி என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போய்விடலாம்.

துணைக்கு என்னை வரச்சொன்னார். இத்தனை வாயாடிகள் இருக்க நான் எதற்கு என்று நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "நீங்க பேச மாட்டீங்க, அதுக்குத்தானுங்க அக்கா" என்றார்.

ஜீப்பில் மூணாறு இறங்கி, உடுமலைப்பேட்டை வழியாகப் பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தார். தேயிலைப் பச்சை வளைந்து வளைந்து எங்களோடு வந்தது. பனிமூட்டத் துண்டு ஒன்று பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டைக் கடந்து போனது. எனக்குப் பாதி தூக்கம். டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, ஒரு கணக்குச் சொல்றனுங்க. இல்லத்துச் சிஸ்டர்கிட்ட போன்ல ஒசரத்தைக் கேட்டேன். நூத்தி அறுபது செண்டிமீட்டர்னு சொன்னாங்க. என்ற ஊட்டுக்காரரு அஞ்சடி எட்டு அங்குலமுங்க."

 கண்ணை மூடிக்கொண்டார்.

பேப்பர் இல்லை, பென்சில் இல்லை. மனசுக்குள்தான் போட வேண்டும். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். ஐந்தடிக்கு அறுபது, அதோடு எட்டு, அறுபத்தெட்டு. ஓர் அங்குலத்துக்கு இரண்டரை செண்டிமீட்டரும் இன்னும் துளியும் என்று டீச்சரே சொல்லித்தந்திருக்கிறார். துளியை விட்டுவிட்டேன். மறையூரில் சந்தன மரங்களுக்குக் கம்பி வேலி போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டே அறுபத்தெட்டை இரண்டு மடங்காக்கினேன். நூற்று முப்பத்தாறு. அதைத் தொலைத்துவிடாமல் பிடித்துக்கொண்டு சின்னாறுவரை வந்தேன். அங்கே காடு காய்ந்து பழுப்பாக இருந்தது, காற்றில் குளிர் போய்விட்டது, நான் சால்வையைக் கழற்றி மடியில் வைத்தேன். பாதிக்கு முப்பத்துநாலு. செக்போஸ்டில் பஸ் நின்றபோது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. நூற்று எழுபது.

மறுபடி போட்டுப் பார்த்தேன். நூற்று எழுபதுதான். விட்ட துளிகளைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அந்த மனிதர் நூற்று அறுபது.

 அதைச் சொல்வதற்குப் பதிலாக நான் கழிக்க ஆரம்பித்தேன். வயசானால் மனுஷன் குறுகுவான் அல்லவா, அதற்குக் கொஞ்சம். இத்தனை வருஷம் எங்கெங்கோ பட்டினி கிடந்திருப்பார், அதற்குக் கொஞ்சம். கூன் விழுந்திருக்கும், சிஸ்டர் அளந்தபோது நேராக நிற்கத் தெரியாமல் நின்றிருப்பார், அதற்கும் கொஞ்சம். ஒவ்வொன்றாகக் கழித்து நூற்று அறுபதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டேன். அமராவதிப் பக்கம் தென்னந்தோப்புகள் வந்தன. வெயிலில் கண் கூசியது.

டீச்சர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "கழிக்கறீங்களா அக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானும் நேத்துப் பூரா கழிச்சுக் கழிச்சுத்தான் பாத்தனுங்க" என்றார்.

அப்படியானால் எதற்காக இவ்வளவு தூரம் போகிறோம்?  அவரே சொன்னார். அளந்தவர்கள் தப்பாக அளந்திருக்கலாம். போனில் தப்பாகக் கேட்டிருக்கலாம். திருப்பிப் போட்டுப் பார்க்காமல் தப்பு என்று சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. சொல்லும்போது அவர் கை என் மடியிலிருந்த சால்வையின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. பொள்ளாச்சி வரும்வரை விடவில்லை.

இல்லத்து வாசலில் கொழுந்தனார் காத்திருந்தார். சின்ன வயசுதான். வெள்ளைச் சட்டை போட்டு, அண்ணனுக்கென்று புது வேட்டி துண்டு ஒரு பையில் வாங்கி வைத்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. காரும் நிறுத்தியிருந்தார். "வாங்கண்ணி" என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்பக்கம் கொய்யா மரத்து நிழலில் ஒரு பெஞ்சில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, தலை வாரி, ஆளைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். மூக்கு நீளம். முழங்கையில் தழும்பு. டீச்சரைப் பார்த்ததும் சிரித்தார். யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் சிரிப்பார் என்று சிஸ்டர் சொன்னார்.

டீச்சர் கொஞ்சம் தள்ளியே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு அருகில் போய், எழுந்து நிற்க முடியுமா என்று கேட்டார். அவர் எழுந்தார். நிமிரச் சொன்னார். நன்றாகவே நிமிர்ந்தார், கூன் இல்லை. டீச்சர் அவருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றார். இரண்டு தலையும் ஏறக்குறைய ஒரே மட்டம். டீச்சர் கையைத் தூக்கி அவர் தலைக்கு மேலே, காற்றில் ஓர் இடத்தில் வைத்தார். யோசிக்காமல் வைத்தார். அத்தனை வருஷம் புருஷனை நிமிர்ந்து பார்த்த உயரம், கைக்குத் தெரியாதா? அவர் உள்ளங்கைக்கும் அந்த மனிதரின் நரைத்த உச்சிக்கும் நடுவே அரைச் சாண் இடம் இருந்தது. அந்த இடத்தில் கொய்யா இலைகள் தெரிந்தன.

கை இறங்க நேரமானது.

"இவரு இல்லீங்க தம்பி" என்றார்.

கொழுந்தனார் எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து கெஞ்சுகிற குரலில் பேசினார்.

"அண்ணி, எனக்கும் ஒரு மாதிரியாத்தானுங்க இருந்துது. ஆனா அம்மாவுக்குக் கண்ணே தெரியாது. கையைப் புடிச்சுக் குடுத்தாப் போதும். ஒசரத்தை யாரு அளந்து பாக்கப் போறாங்க? இவருக்கும் ஒரு ஊடு கெடைச்ச மாதிரி ஆவுமில்லீங்களா?"

சிஸ்டர் தரையைப் பார்த்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு தாய் நிம்மதியாகக் கண் மூடுவாள். ஓர் அநாதைக்குச் சோறும் திண்ணையும் கிடைக்கும். டீச்சருக்கும் பூ வைத்துக்கொள்ள ஒரு நியாயம் கிடைக்கும். சரி என்று சொல்லிவிடு தாயி என்று என் மனசு அடித்துக்கொண்டது.

டீச்சர் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார். "இவரை அளந்து மனசுல வெச்சிருக்கறவங்க எங்கியோ இருப்பாங்க தம்பி. என்னைய மாதிரியே, இருக்காரா இல்லையான்னு தெரியாம உக்காந்திருப்பாங்க. நாம இவரைக் கூட்டிட்டுப் போயிட்டா, அவங்க தேடி வர்ற அன்னிக்கு இந்தப் பெஞ்சு காலியா இருக்குமுங்க."

கொழுந்தனார் கையிலிருந்த பையோடு அப்படியே மரத்தடியில் குந்திவிட்டார். ஆம்பளை அழுவதைப் பார்க்கக் கூடாது என்று நான் திரும்பிக்கொண்டேன். அம்மாவிடம் என்ன சொல்வேன், என்ன சொல்வேன் என்று இரண்டு முறை கேட்டது காதில் விழுந்தது. தெரியலை என்று சொல்லுங்கள், நானும் கூட வந்து சொல்கிறேன் என்றார் டீச்சர். 

பெஞ்சுக்காரருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் வரலையா?" என்று கேட்டார்.

டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வகுப்பில் கேட்கிற அதே நிதானம் குரலுக்கு வந்தது.

"உங்க ஊடு எதுன்னு இன்னும் தெரியலீங்க. தெரிஞ்சதைச் சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் பரவால்லீங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார். மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கி ஓடியது. அதைப் பார்த்து மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

"கதவு" என்றார் அவர். "கதவு நீலம்."

"நீலக் கதவு. சரிங்க" என்றார் டீச்சர். "அப்புறமுங்க?"

அந்த மனிதர் கையை நீட்டி எதையோ தள்ளித் திறப்பது போல் காட்டினார். வார்த்தை வரவில்லை. மறுபடியும் அதே மாதிரி தள்ளினார். மரத்தடியில் குந்தியிருந்த கொழுந்தனார் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்துவந்தார். பெஞ்சுக்காரரின் காலடியில் உட்கார்ந்து, அந்த நீட்டிய கையைப் பார்த்தபடி கேட்டார்.

"கதவைத் தொறந்தா வெயிலு மூஞ்சியில அடிக்குமுங்களா, முதுகுல அடிக்குமுங்களா?"